சிரிப்பு இறங்கும் வரை

அவர் பேச்சை நிறுத்தினால் நான் எண்ணத் தொடங்கிவிடுவேன். அவரோடு பழகிய நாலு வருடமும் எனக்கு இதுதான் வேலை. அவர் காலமாகி இது இரண்டாவது குளிர்காலம். இன்றைக்கும் யாராவது கதையின் நடுவில் மூச்சு வாங்க நின்றால் எனக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடத் தொடங்குகிறது. இது ஒரு வியாதி என்று மனைவி சொல்கிறார். வியாதி முன்பே இருந்தது. நான் கணக்குப் படிப்பித்தவன். படிகள், ஜன்னல்கள், பஸ்ஸில் தலைகள் என்று எதையாவது எண்ணிக்கொண்டு பதறுகிறவன். அவர் அந்த வியாதிக்கு ஒரு உத்தியோகம் கொடுத்தார்.

முதலில் அவரைக் கண்டது லிஃப்டில். ஊரைவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் மூன்று லிஃப்ட். ஒன்று எப்போதும் பழுது. அன்று நான் இருபது கிலோ அரிசி மூட்டை ஒன்றை, சாய்ந்து விழாதபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். பொத்தான்களுக்குப் பக்கத்தில் மெலிந்த, நரைத்த மனிதர் ஒருவர், கழுத்தில் சிவப்பு மப்ளரோடு நின்றார். பதினாலு என்றேன். அவர் பதினாலை அமத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். மூட்டையில் தமிழில் எழுதியிருந்தது. திரும்பவும் என்னைப் பார்த்தார். கதவு மூடாமல் நின்றது எனக்கு வேறு பதற்றம். ஐந்து வரை எண்ணியிருப்பேன். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "உங்களோட வாறவர் எத்தினையாம் மாடி?"

நான் சிரிக்கவில்லை. எனக்குக் கை வலித்தது. ஆனால் லிஃப்டில் நின்ற மற்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

வீட்டுக்குள் வந்து மூட்டையை இறக்கிய பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அந்த நாலு பேரும் எதற்குச் சிரித்தார்கள்? அவர் சொன்னது அவர்களுக்கு விளங்கியிருக்காது. அவர்கள் சிரித்தது அந்த ஐந்துக்கு.

அவர் எங்கள் மாடியிலேயே, மகள் ஜெனியின் வீட்டில் இருந்தார். மனைவி இறந்த பிறகு லண்டனிலிருந்து வந்தவர். லண்டனில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு, "கதவு திறக்கிற வேலை" என்பார். கேட்டவர் ஏதோ ஹோட்டலில் வாசற்காவல் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பெருமூச்சையும் விட்டுவிட்டுப் போய்விடுவார். அவர் திருத்தமாட்டார். சொன்னது பொய்யும் அல்ல. அவர் நாற்பது வருடத்துக்கு மேல் இங்கிலாந்தின் மேடையிலும் தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் நகைச்சுவை நடிகராக இருந்தவர். மேடையில் ஆங்கிலேயக் கணவனும் மனைவியும் மனைவியின் சிநேகிதனும் அலுமாரிக்குள்ளும் கட்டிலுக்குக் கீழும் ஓடி ஒளிக்கும் நேரம், மூன்றாவது கதவைத் திறந்துகொண்டு தேநீர்த் தட்டோடு வந்து நிற்பவர் இவர். ஒரே நாடகம், ஒரே கதவு, ஒரே தட்டு, இரண்டு வருடம். அலுக்கவில்லையா என்று கேட்டேன். சனம் ஒவ்வொரு நாளும் வேறு சனம் அல்லவா என்றார்.

அவர் லண்டனுக்குப் படிக்கப் போனது கணக்கியல். அதை அறிந்தபோது எனக்கு அவர்மீது ஓர் ஒட்டுதல் வந்தது. இரண்டாம் வருடத்தில், கறுத்த ஆள் ஒருவர் சும்மா மேடையைக் கடந்து போக வேண்டும், கைச்செலவுக்குக் கொஞ்சம் தருவார்கள் என்று ஒரு நண்பன் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். வசனம் இல்லை. இடது பக்கத்தால் வந்து வலது பக்கத்தால் போக வேண்டும். இவர் நடுமேடையில் நின்றுவிட்டார். சப்பாத்து நாடா அவிழ்ந்துவிட்டது. குனிந்து கட்டுவதா, அப்படியே போவதா என்று யோசித்தபடி சபையைப் பார்த்தாராம். சபை வெடித்தது. நாடகத்தை நடத்தியவர் இவரை அன்றே அனுப்பிவிடப் பார்த்தார். கதாநாயகனாக நடித்த கிழவர்தான், நாளைக்கும் இவன் நாடா அவிழ்ந்து வரட்டும் என்று சொல்லி மறித்தாராம். அதற்குப் பிறகு கணக்கியல் பரீட்சைக்கு இவர் போகவில்லை.

பஸ் நடத்துனர், பல் வைத்தியர், மூலைக்கடைக்காரர், வழி தவறிய மகாராஜா, இப்படி எத்தனையோ. ஒரு படத்தில் பிணமாகவும் கிடந்தாராம். அதிலும் சிரித்தார்கள் என்று சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது. வேடங்கள் இல்லாத மாதங்களில் தபால் கந்தோரில் கடிதங்களைத் தரம் பிரித்திருக்கிறார். அதைப் பற்றிக் கேட்டால் கடிதங்களுக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார்.

ஒரு சனிக்கிழமை ஜெனியின் வரவேற்பறையில் அவருடைய பழைய தொலைக்காட்சித் துண்டு ஒன்றைப் பார்த்தோம். அவர் வைத்தியர். ஒரு தடித்த ஆங்கிலேயர் கால்சட்டை இல்லாமல் கட்டிலில் கிடந்து, தனக்கு உண்மையான டொக்ரர் வேண்டும், இந்த ஆள் வேண்டாம் என்று கத்துகிறார். இவர் தலையை அந்தக் காலத்து ஆங்கிலேயருக்குப் பிடித்த மாதிரி ஆட்டி, "ஐயா, ஊசி உண்மையானது" என்று ஆங்கிலத்தில் சொல்கிறார். அவ்வளவுதான் வேடம். என் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்து, மூன்று தரம் திருப்பிப் போடச் சொன்னேன். மொத்தம் நாற்பது விநாடி. அதில் அவர் பேசியது மூன்று. ஸ்டூடியோவில் இருந்த சபை சிரித்தது பதினெட்டு. மிச்ச நேரம் அவர் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

நான் மடியில் தட்டிச் சிரித்தேன். ஜெனி சிரிக்கவில்லை. தகப்பனின் நடிப்புக்கு ஜெனி சிரித்ததை நான் அதுவரை கண்டதே இல்லை. அன்று காரணத்தைச் சொன்னார். அந்தத் துண்டு தொலைக்காட்சியில் ஒளிபரப்பான வாரம் முழுவதும் லண்டனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜெனியைக் கண்ட இடமெல்லாம் தலையை ஆட்டிக் காட்டினார்களாம்.

"உங்களுக்கு அது காமெடி, அப்பா. எனக்கு அது லஞ்ச் டைம்" என்றார்.

அவர் மகளைப் பார்த்தார். நான் எண்ணினேன். ஏழு.

"தலையை ஆட்டச் சொன்னது அவங்கள். அதை மாத்த எனக்கு ஏலாது, பிள்ளை. ஆனா ஆட்டிப்போட்டு எவ்வளவு நேரம் அவனைப் பாத்துக்கொண்டு நிக்கிறது எண்டதை ஒருதரும் எனக்குச் சொல்லேல்லை. அது என்ர கையில இருந்தது. கெதியாக் கதைச்சா சனம் என்னைப் பாத்துச் சிரிக்கும். கொஞ்சம் பொறுத்தா கால்சட்டை இல்லாதவனைப் பாத்துச் சிரிக்கும்."

ஜெனி கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். நான் நாலாம் தரமும் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். முதல் மூன்று விநாடிச் சிரிப்பு இவருடைய தலைக்கு. மிச்சப் பதினைந்தும் அந்த மனிதரின் முழங்காலுக்கு. நாற்பது விநாடிக்குள் ஒரு சபையை ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு இடம் மாற்றியிருக்கிறார், வாயைத் திறக்காமல்.

இப்படிப்பட்டவரை எங்கள் முதியோர் சங்கத்துக்கு அழைத்துக்கொண்டு போனது நான்தான். ஒவ்வொரு வருடமும் குளிர் முடியும் தறுவாயில் சங்கத்துக்கு ஒரு கலைவிழா. அதில் ஒரு நாடகம். எழுதுவது புஸ்பம் அக்கா. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் அதிபராக இருந்தவர், இங்கேயும் அதிபர்தான். மனைவி வேடம் எப்போதும் அவருக்கு. கணவன் வேடத்துக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். இவரைக் கண்டதும் அக்கா முகம் மலர்ந்தது. அடுத்த வாரமே கறுத்துவிட்டது. இவர் பிரதியை வாங்கிக்கொண்டு போய் வசனத்தில் பாதியை வெட்டியிருந்தார். எல்லாம் தன்னுடைய வசனம்.

"மற்ற ஆக்கள் என்ர பகுதியை வெட்டிப்போட்டுத் தங்கட பகுதியைக் கூட்டுவினம். இந்த மனுசன் தன்ர வாயைத் தானே வெட்டுது" என்று அக்கா என்னிடம் முறையிட்டார்.

எங்கள் நாடக முறையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வசனம் பாடமாக்குபவர் குறைவு. ஒத்திகை என்றால் சாப்பிட றோல்ஸ், குடிக்கப் பிளேன்ரீ, ஆருக்கு ஆரைக் கல்யாணம் பேசுகிறார்கள் என்ற விசாரணை, கடைசி அரைமணி நேரம் நாடகம். அதனால் மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் ஒருவர் பிரதியோடு நின்று அடியெடுத்துக் கொடுக்க வேண்டும். மறந்தால் மட்டும் கொடுப்பது என்ற கதையே இல்லை. முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம்வரை, நடிகருக்கு அரை மூச்சு முந்தி, எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டே போக வேண்டும். மேலே தொங்கும் மைக்குகள் அதையும் சேர்த்துச் சபைக்குக் கொடுக்கும். சபையும் பழகிவிட்டது. ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு தரம் கேட்டு ஒரு தரம் சிரிப்பார்கள். சங்கத்தில் அந்த வேலை பல வருடமாக என்னுடையது. ஒரு வரி தவறவிட்டதில்லை.

முதல் வருடம் அவர் ஊருக்குப் போய்த் திரும்பும் கணவன். வீட்டுக்கு வந்து பேஸ்மென்ட் கதவைத் திறந்தால், மனைவி அதை வாடகைக்கு விட்டிருக்கிறார். இவருடைய சாய்வுக்கதிரையில் முன்பின் தெரியாத ஒருவர் நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவர் கதவைத் திறந்தார். நின்றார். கதிரையைப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு சலசலப்பு எழும்பியது. நான் மூன்று எண்ணினேன், தாங்க முடியவில்லை, கொடுத்தேன்: "ஆர் நீ? என்ர கதிரையில ஆர் நீ?" அவர் அசையவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். இன்னும் உரத்துக் கொடுத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "மாஸ்டர், அவருக்குக் கேக்கேல்லைப் போல. மைக்குக்குக் கிட்ட வந்து சொல்லுங்கோ."

மண்டபம் குலுங்கியது. அது முடிந்த பிறகு அவர் தன் வசனத்தைச் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்றாம் தரம் கேட்கும் வசனம் அல்லவா.

ஜெனியின் காரில் திரும்பி வந்தோம். கெனடி வீதிக்கு வந்த பிறகு அவர் சொன்னார்:

"மாஸ்டர், நான் மறக்கேல்லை. சும்மாவும் நிக்கேல்லை. அதுதான் என்ர வசனம்."

"பிரதியில இல்லையே" என்றேன்.

"பிரதியில எழுதினா நீங்கள் அதையும் வாசிச்சுப்போடுவியள்."

அடுத்த வருடத்துக்கு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அவர் வலது காதைத் தொட்டால் அடியெடுத்துக் கொடுக்க வேண்டும். தொடாதவரை, மண்டபம் தீப்பற்றினாலும் நான் வாய் திறக்கக் கூடாது. வாயைச் சும்மா வைத்திருக்க எனக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்றேன். சிரிப்பை எண்ணச் சொன்னார். எண்ணுவதற்குச் சூத்திரமும் சொல்லித் தந்தார். சிரிப்பு ஏறும், உச்சிக்கு வரும், இறங்கும். உச்சியில் பேசினால் ஒருவருக்கும் கேட்காது. முழுதாக இறங்கவிட்டால் சனம் குளிர்ந்துவிடும். இறங்கி மூன்றில் ஒன்று மிச்சம் இருக்கும்போது வாயைத் திறக்க வேண்டும். மூன்றில் ஒன்றை எப்படி அளப்பது என்று கேட்டேன்.

"நீங்கள்தானே கணக்கு மாஸ்டர்."

அளந்தேன். இரண்டு வருடம், இரண்டு நாடகம், பிரதி ஒரு கையில், கடிகாரம் மற்றக் கையில். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நான் எதையும் எண்ணியது கிடையாது. ஒரு நல்ல வசனத்துக்கு மூன்று சிரிப்பு என்பது அவர் கணக்கு. சொல்வதற்கு முந்தி ஒன்று, நடுவில் ஒன்று, சொல்லி முடிந்து ஒன்று. மூன்றும் விழுந்தால் அந்தக் கிழமை முழுக்கச் சாப்பாடு நன்றாகச் செமிக்கும் என்பார். அவர் வாய் திறந்த ஒவ்வொரு தரமும் சிரிப்பு மூன்றில் ஒன்றுக்கு இறங்கியிருந்தது. ஒரு தரமாவது முந்தவில்லை. ஒரு தரமாவது சிரிப்பைச் சாகவிடவில்லை. புஸ்பம் அக்காவே தன் வசனத்தைத் தானாக வெட்டத் தொடங்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாவது குளிர்காலத்தில் ஜெனி என்னை லிஃப்டுக்குப் பக்கத்தில் மறித்து நின்று பேசினார். தகப்பன் இரண்டு தரம் அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். ஒரு நாள் பதின்மூன்றாம் மாடியில் இறங்கி, வேறொருவரின் கதவுப் பூட்டைத் தன் திறப்பால் நோண்டிக்கொண்டு நின்றிருக்கிறார். வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய்ச் சோதித்தார்களாம். ஒரு இளம் பெண் மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லக் கேட்டிருக்கிறார். இவர் இரண்டைச் சொல்லிவிட்டு நிறுத்தினார். அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தார். பெண் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"அவ சிரிச்சா, அங்கிள். நான் சிரிக்கேல்லை. மூண்டாவது சொல் அவருக்கு வரவே இல்லை."

நாடகத்தை இந்த வருடம் விட்டுவிடும்படி ஜெனி தகப்பனிடம் சொல்லியிருக்கிறார். அவர் மறுத்துவிட்டார். சனத்துக்கு முன்னால் அவர் தடுமாறி நிற்பதைத் தன்னால் பார்க்க முடியாது என்றார் ஜெனி. மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்ததைச் சின்ன வயதில் பார்த்தது போதும். இது கடைசி என்றும், நான் ஒரு வாக்குக் கொடுத்தால் மட்டும் நடிக்க விடுவதாகவும் சொன்னார்.

"அவர் நிண்டா உடன சொல்லிக் குடுங்கோ. எண்ணிக்கொண்டு நிக்காதேங்கோ, ப்ளீஸ்."

ஓம் என்றேன். அன்று பின்னேரமே அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். மகள் என்னிடம் பேசியது அவருக்குத் தெரியும். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி, "காதைத் தொட்டாத்தான், மாஸ்டர்" என்றார். அதற்கும் ஓம் என்றேன். ஒரு நாளில் இரண்டு ஓம். எனக்கு இரத்த அழுத்தம் ஏறியது அந்த வாரத்தில்தான்.

அந்த வருடத்து நாடகம் ஒரு குளிர்க்கோட் மாறிப்போவதைப் பற்றியது. இங்கே கல்யாண மண்டபத்து வாசலில் முன்னூறு கறுப்புக் கோட்டு வரிசையாகத் தொங்கும். போகிற அவசரத்தில் கையில் அகப்பட்டதைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவோம். எனக்கே இரண்டு தரம் நடந்திருக்கிறது. நாடகத்தில் கணவன் யாரோ ஒரு பெருத்த மனிதரின் கோட்டோடு வீட்டுக்கு வருகிறார். மனைவி, இது யாருடைய கோட் என்று கேட்கிறார். கணவன் பிழையை ஒத்துக்கொள்ளாமல் சொல்ல வேண்டும்: "என்ர தான். நான்தான் மெலிஞ்சிட்டன்." நாடகம் முழுவதும் இந்த ஒரு வசனத்தில்தான் தொங்கியது. அதைக் கேட்டு மனைவி நம்பி, அவரை வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போவதுதான் மிச்சக் கதை. பெருத்த கோட்டுக்கு எங்கே போவது? சங்கத்தில் பெருத்தவன் நான். என்னுடைய கோட்டையே கொடுத்தேன்.

ஒத்திகைகளில் அவர் மூன்று இடத்தில் மறந்தார். மூன்று தரமும் கை ஒழுங்காகக் காதுக்குப் போயிற்று. நான் கொடுத்தேன். அதனால் எனக்கு நம்பிக்கை இருந்தது.

வெக்ஸ்போர்டில் ஒரு மண்டபம், ஞாயிறு பின்னேரம். வெளியே பனி உருகிச் சேறாகியிருந்தது. ஜெனி முன்வரிசையில், பக்கத்திரைக்குள் நிற்கும் என் முகம் தெரியும்படி ஒரு கதிரையில் இருந்தார். திரை விலகியது. புஸ்பம் அக்கா மேடையில் காய்கறி வெட்டிக்கொண்டிருந்தார். அவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். என் கோட்டுக்குள் அவர் பாதி ஆளாகத் தெரிந்தார். கைகள் வெளியே வரவில்லை. இரண்டு கோட்டுக் கைகளும் முழங்காலுக்குக் கிட்டத் தொங்கின. அந்தத் தோற்றத்துக்கே மண்டபம் சிரித்தது. பத்து விநாடி. அக்கா கத்தியைக் கீழே வைத்து நிமிர்ந்தார்.

"உது ஆற்ற கோட்?"

அவர் நின்றார். கோட்டின் இடது கையைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். சிரிப்பு ஏறியது. உச்சிக்கு வந்தது. இறங்கத் தொடங்கியது. மூன்றில் இரண்டு. பாதி. மூன்றில் ஒன்று.

அவர் பேசவில்லை.

சிரிப்பு இன்னும் இறங்கியது. ஓர் இருமல் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. இத்தனை வருடத்தில் அவர் சிரிப்பைச் சாகவிட்டதில்லை என்பது மண்டபத்தில் என் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த கணக்கு. சபை இன்னும் அவரை நம்பிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஜெனி என்னைப் பார்த்தார். நான் மேடையில் நின்றவரின் கையைப் பார்த்தேன். கை கோட்டுக்குள் இருந்தது. அது அசைகிறதா, காதை நினைக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. அவருடைய முகம் மட்டும் தெரிந்தது. அதில் நடிப்பு இருக்கவில்லை. பதின்மூன்றாம் மாடியில் வேறொருவரின் கதவுக்கு முன்னால் நின்ற முகம் அதுவாகத்தான் இருக்கும்.

மேலே மைக் தொங்கியது. நான் வசனத்தைக் கொடுத்தால் முன்னூறு பேருக்கும் கேட்கும். அவர் மறந்துவிட்டார் என்று முன்னூறு பேருக்கும் தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் ஜெனிக்குச் சொன்ன ஓம் என்ன ஆவது? அவரையே கேட்டுவிடலாம் என்று பட்டது. பக்கத்திரையை விலக்கித் தலையை வெளியே நீட்டினேன். மூக்கு நுனியில் கண்ணாடி, ஒரு கையில் பிரதி. மற்றக் கையால் என் வலது காதைத் தொட்டுக் காட்டினேன். வேண்டுமா என்று.

சபை என்னைக் கண்டது. முதலில் ஒரு மூலையில் ஒருவர். பிறகு மண்டபம் முழுவதும்.

அந்தச் சத்தம் அவருக்குள் எங்கேயோ போய்த் தட்டியிருக்க வேண்டும். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். திரும்பவும் என் வயிற்றைப் பார்த்தார். சிரிப்பு கூரையில் இடித்தது. அவர் பொறுத்தார். இறங்கியது. மூன்றில் ஒன்று.

"மாஸ்டர், உது உங்கட கோட்டோ?"

நான் ஒரு நாளும் மேடையில் ஏறியவன் அல்ல. கையிலிருந்த பிரதியில் ஒரே ஒரு வரிதான் கண்ணுக்குத் தெரிந்தது. அதை அவருக்கு எப்படியாவது கொடுக்க வேண்டும். வகுப்பில் கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் கேட்கும்படி சொல்லும் குரலில் சொன்னேன்:

"இல்லை. உங்கட தான். நீங்கள்தான் மெலிஞ்சிட்டியள்."

இரண்டாவது சிரிப்பு. இருபது வரை எண்ணி, பிறகு விட்டுவிட்டேன். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் கோட்டின் இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்கி, யாரோ இறந்துபோன சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"கேட்டனியே? என்ர தான். நான்தான் மெலிஞ்சிட்டன்."

மூன்றாவது. நான் திரைக்குப் பின்னால் போய் ஒரு பெட்டியில் இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. முடிந்ததும் சனம் வந்து என் கையையும் குலுக்கியது. அந்த இடத்தை எழுதியது தான்தான் என்று புஸ்பம் அக்கா இன்றுவரை சொல்லி வருகிறார். இந்த வயதில் சண்டை எதற்கு.

திரும்பும்போது ஜெனி ஓட்டினார். அவர் முன்னால், என் கோட்டைக் கழற்றாமல் இருந்தார். நான் பின்னால், கோட் இல்லாமல் குளிரில். எனக்கு உடம்பு முழுக்க இன்னும் கொதித்தது. எண்ணிக்கைகளைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பத்து, பதினாறு, இருபதுக்கு மேல். ஜெனி கேட்டுக்கொண்டு வந்தார். எல்ஸ்மியர் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. காரை நிறுத்தி, தகப்பன் பக்கம் திரும்பினார்.

"அப்பா, அந்த இடத்தில உண்மையா மறந்தனீங்களோ, நடிச்சனீங்களோ?"

அவர் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைப்பான் இரண்டு தரம் போய் வந்தது. ஜெனி பார்வையை எடுக்கவில்லை. நான் எண்ணினேன். நாலு, ஐந்து, ஆறு. ஏழில் கோட்டின் நீளமான வலது கை மெல்ல மேலே எழும்பியது. அதற்குள்ளிருந்து ஒரு விரல் வெளியே வந்து காதைத் தொட்டது.

நான் முன்னால் குனிந்து, அரை மூச்சு முந்தி, மெல்லிய குரலில் கொடுத்தேன்: "நடிச்சனான்."

"நடிச்சனான், பிள்ளை" என்றார் அவர்.

கார் சின்னக் கார். மைக் இல்லாமலே எல்லாம் கேட்கும். ஜெனி என்னைத் திரும்பிப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தொங்கிய கோட்டுக் கையைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினார். நெற்றியைக் கை பிடித்திருந்த சுக்கானில் வைத்துக்கொண்டு சிரித்தார். முப்பது வருடத்துச் சிரிப்பு அது, ஏறிக்கொண்டே போயிற்று. பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடித்தன. அவர் அசையாமல் மகளைப் பார்த்தபடி இருந்தார். சிரிப்பு உச்சிக்குப் போய், மெல்ல இறங்கி, மூன்றில் ஒன்று ஆனது.

"பச்சை விழுந்திட்டுது" என்றார். "எடு."